தோளில் இருந்த நாலு விரல்

ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு ஊரில் யார் செத்தாலும் அழ நேரம் கிடைக்காது. துக்க வீட்டில் படத்தைக் கேட்டு வாங்கி, வெட்டி, பின்னால் நீல மேகம் போட்டு, சேலத்துக்கு அனுப்பி அச்சடித்து, மத்தியான பஸ்ஸில் ரோலை வரவழைத்து, பிணத்தை எடுப்பதற்கு முன்னால் கட்டியாக வேண்டும். இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஏற்காட்டில் பதினைந்து வருடமாக இந்தப் பாடுதான். அதில் என்னை நன்றாகப் படுத்தி எடுத்தவர் நடேசன் வாத்தியார். உயிரோடு இருந்தபோது ஒரு தடவை, போன பிறகு பல தடவை.

மடியில் ஆள்

வாத்தியார் கொட்டச்சேட்டுப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்தான். ஓய்வுக்கு அப்புறம் காய் வாங்குவது, பேத்தியை வேனில் ஏற்றுவது, வீட்டம்மாவுக்கு மறக்காமல் பூ வாங்கிப் போவது என்று அவருக்கு வேலை கூடித்தான் போனது. ஒருநாள் பேங்குக்காக பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தார். மடியில் பேத்தி. இறக்கிவிடச் சொன்னேன். இறக்கினார். உடனே முகம் பரீட்சை ஹாலில் உட்கார்ந்தவன் மாதிரி ஆகிவிட்டது.

ஆறு படம் எடுத்தேன். ஆறிலும் கண் பேத்தி நின்ற பக்கமே போயிருந்தது. "சார், நீங்க எத்தன பசங்கள நேரா பாருடான்னு அதட்டியிருப்பீங்க?" என்று சிடுசிடுத்தேன். அவர் அசரவில்லை. "தனியா உக்காந்து பழக்கமில்ல கண்ணு. பாப்பாவையும் சேத்தே எடு, பேங்குக்காரங்க வேணும்னா பாதிய மடிச்சுக்கட்டும்."

கேட்டது ஒன்றே ஒன்று

போன மார்கழியில் கடையைத் திறந்ததும் அவர் மகன் பழனிவேல் வந்து நின்றான். ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை பார்க்கிற பையன். எப்போதும் சிரித்த முகம். "அக்கா, அப்பா போயிட்டாருங்க. நெஞ்சுவலி" என்றான். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "எத்தன மணிக்கு எடுக்கறீங்க? படம் இருக்கா?" நம் தொழில் அப்படிப்பட்டது, வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். தனிப் படமோ இல்லை. நான் அன்று எடுத்ததும் பழைய கம்ப்யூட்டரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆதார் படத்தில் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தார். "அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதாங்க அக்கா. பாத்தா அப்பா அப்பாவாவே இருக்கோணுமாம்" என்றான். அவன் போனில் இருந்ததெல்லாம் கும்பல் படம். கடைசியில் தங்கச்சி கல்யாணத்துப் படம் ஒன்று தேறியது. முன் வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்து, பல் தெரியச் சிரிக்கிறார். வலது தோளில் மட்டும் யாரோ பிடித்திருக்கிற நாலு விரல். கைக்காரர் முகம் இன்னொருத்தர் தலைக்குப் பின்னால் மறைந்திருந்தது. "யாரு கைங்க இது?" என்றேன். "பின்னால பெஞ்சு மேல பத்துப் பேரு நின்னாங்க. எடுத்துருங்க அக்கா, கைக்குச் சொந்தக்காரங்கன்னு ஆரும் வந்து கேக்கப் போறதில்லீங்க."

எல்லோருக்கும் ஒரே கோட்டு

விரலை அழித்தால் சட்டையில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எங்கள் கம்ப்யூட்டரில் எந்தக் கழுத்துக்கும் பொருத்துகிற ஒரு கறுப்புக் கோட்டுப் படம் இருக்கிறது. வாட்ச்மேனோ அரிசிக் கடைக்காரரோ, இந்த மலையில் போய்ச் சேர்ந்த பாதி ஆம்பளைகள் அதைப் போட்டுக்கொண்டுதான் மூலைக்கு மூலை நிற்கிறார்கள். வாத்தியாருக்கும் மாட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கொட்டச்சேடு ரோட்டில் அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளக்கடை ஊரிலிருந்து மாலையோடு வந்த ஓர் அம்மா, வாத்தியார் போர்டு எங்கே என்று அவரிடமே கேட்டிருக்கிறார். இதுதாங்க என்றதும் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இவரு ஆரோ ஆபீசருங்க. எங்க வாத்தியாரு தோள்ல துண்டு இருக்கும், இல்லாட்டி எவனாச்சும் ஒரு பொடியன் இருப்பான்."

முடி இருந்தவரும் இல்லாதவரும்

வீட்டுக்காரர் அதை என்னிடம் வந்து சொன்னதும் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டேன். வாத்தியார் வீட்டம்மா கேட்ட ஒன்றையும் கெடுத்துவிட்டேனே! அந்த வாரமே பழைய மாணவர்கள் அஞ்சலிக் கூட்டத்துக்கு ஃப்ளெக்ஸ் கேட்டு வந்தார்கள். இரண்டு கோஷ்டி, கையில் இரண்டு படம். இரண்டும் கும்பல் படம்தான் என்று சொல்லவும் வேண்டுமா? மூத்தவர்கள் கொண்டுவந்ததில் வாத்தியாருக்கு அடர்ந்த முடி. இளையவர்கள் கொண்டுவந்ததில் வழுக்கை.

இதுதான் வாத்தியார், அதுதான் வாத்தியார் என்று என் கடையில் ஒரே ரகளை. இரண்டையும் போட்டால் அண்ணன் தம்பி சேர்ந்து போய்விட்டார்கள் என்று ஊர் நினைக்காதா என்றேன். ஜீப் ஓட்டுகிற ஒருவர், மீசை நரைத்தவர், முடிவாகச் சொன்னார்: "எங்கள வெளுத்தது முடி இருந்தவருதாங்க. இவனுங்க மேல அவரு கையே வெக்கல, இவனுங்களுக்கு என்னங்க தெரியும்?"

சொந்தக்காரர் வந்தார்

பதினாறாம் நாளுக்கு முன்னால் வாத்தியார் வீட்டம்மா, ராஜாமணி அம்மா, தானே கடைக்கு வந்தார். வீட்டில் மாட்டப் படம் வேண்டும். "கோட்டக் கழட்டிரு கண்ணு. அவருக்கு நொம்ப வேர்க்கும்" என்றார். கல்யாணப் படத்தை எடுத்துப் போட்டேன். கிட்டே வந்து பார்த்தார். அந்த நாலு விரலையும் கம்ப்யூட்டர் மேலேயே தொட்டார். "போர்டுல இத எதுக்கு அழிச்ச?"

"யாரு கைன்னு தெரியலீங்கம்மா."

"எங்கைதான். நானு பெஞ்சு மேல நின்னேன், அது ஆடுச்சு. விழுந்துருவேன்னு தோளப் புடிச்சுட்டேன். அத்தன சனம் பாக்குதுன்னு எடுக்கப் போனேன். இருக்கட்டும் ராஜாமணின்னாரு. அதுக்குத்தான் அப்படிச் சிரிக்கறாரு."

பதினைந்து வருடத்தில் கடையில் உட்கார்ந்து நான் அழுதது அன்றைக்குத்தான். அந்தம்மா அழவில்லை. நான் மூக்கைச் சிந்தி முடிக்கிறவரை பொறுமையாக நின்றார். பிறகு சொன்னார்: "நாலு பேரு முன்னால அவர நானு தொட்டது அது ஒருக்காத்தான் கண்ணு. மேகம் கீகம் என்ன வேணாப் போட்டுக்க, அந்தக் கைய மட்டும் எடுத்துராத."

இப்போதெல்லாம் துக்க வீட்டுக்காரர் படத்தை நீட்டினால், எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், தோளில் இருப்பது யார் கை என்று கேட்டுத் தொலைக்கிறேன்.