பஸ்ஸை விட்டவள்

அந்தத் தொடரில் வரும் நான்கு பெண்களும் ஒருநாள்கூட பஸ்ஸுக்காக நின்றதில்லை. ஏதோ ஒரு பெருநகரத்தில் சேர்ந்து குடியிருக்கிறார்கள். ஆளுக்கொரு லட்சியம். காலையில் கையில் காபியோடு கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்து, சாயங்காலத்துக்குள் யாராவது ஒரு முதலாளியை வாயடைக்க வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தக் காபியை அவர்கள் குடித்து நான் பார்த்ததே இல்லை. தமிழில் குரல் கொடுத்தவர்கள் வேறு தங்கள் பங்குக்குப் படுத்தி எடுத்திருந்தார்கள். "என் சிறகுகளை வெட்ட நீ யார்?" என்பாள் ஒருத்தி. எங்கள் ஊரில் சிறகு பற்றிய பேச்செல்லாம் கோழிக்கடையோடு சரி.

இருந்தும் விடாமல் பார்த்தேன். மறைமலைநகரில் கார்களுக்கு வயர் கட்டும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. வீடு மாமல்லபுரத்தில். கம்பெனி பஸ் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஒரு எபிசோடு முடிந்துவிடும். பக்கத்து சீட்டுத் தோழியும் நானும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொள்வோம். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். அவள் திட்டிக்கொண்டே பார்ப்பாள். இவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார் என்று ஒவ்வொரு எபிசோடிலும் கேட்பாள்.

அம்மா கடற்கரை ரிசார்ட் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு உட்கார்ந்து பார்த்தார். கதாநாயகி குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டைக் கட்டிலில் வீசினாள், ஜன்னலைத் திறந்தாள், "இந்த நகரம் இனி என்னுடையது" என்றாள். அம்மாவின் கண் துண்டை விட்டு நகரவில்லை. அதை யார் எடுப்பது என்று கேட்டார். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் லைன் லீடர் வேறு கம்பெனிக்குப் போனார். எங்கள் லைனில் வேலை செய்வது முழுக்கப் பெண்கள். லீடர் மட்டும் எப்போதும் ஆண். அவருக்கு மஞ்சள் தொப்பி, எங்களுக்கு நீலம். அந்த மஞ்சள் தொப்பி எனக்கு வேண்டும் என்று இருந்தது. சும்மா இல்லை, ராத்திரி சோறு இறங்காத அளவுக்கு வேண்டும் என்று இருந்தது. திங்கட்கிழமை யாரையாவது போட்டுவிடுவார்கள் என்று பேச்சு.

என் நேரம், அந்த வார எபிசோடில் கதாநாயகியும் பதவி கேட்டாள். முதலாளி மறுத்தார். அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவர் லிஃப்ட் வரைக்கும் ஓடிவந்து கெஞ்சினார். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வேணாம்டி என்று தோழி சொல்லத்தான் செய்தாள்.

சனிக்கிழமை மேனேஜர் அறைக்குப் போனேன். "இந்தப் பொறுப்புக்கு நான் தகுதியானவள்" என்று ஆரம்பித்தேன். டப்பிங் தமிழ் அப்படியே வாயில் வந்தது. அவர் என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பிறகு பிரியமாகவே பேசினார்.

"நீ நல்லா வேலை செய்யறம்மா, அதுல சந்தேகமே இல்ல. ஆனா லீடர்னா ஷிஃப்ட் முடிஞ்சும் அரைமணி நேரம் நின்னு அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைக்கணும். அதுக்குள்ள கம்பெனியோட லேடீஸ் பஸ் போயிடும். நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

எங்கள் ஷிஃப்ட் முடிவது மத்தியானம் மூன்று மணிக்கு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த நேரத்தில் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் எனக்கு ஆவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். ஓரமெல்லாம் பிரிந்து, போட்டோவில் என் முகம் பாதி அழிந்திருந்தது. "நானே சொல்லணும்னு இருந்தேன், அடுத்த வாரம் ஆடிட் வருது" என்றவர், டைம் ஆபீஸுக்குப் போன் போட்டுப் புது அட்டை அடிக்கச் சொன்னார். ராஜினாமா செய்யப்போனவளுக்கு அட்டை புதுப்பித்துக் கொடுத்த கம்பெனி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

எங்கள் இடத்தில் அட்டை இல்லாமல் உள்ளேயும் வரமுடியாது, வெளியேயும் போகமுடியாது. அந்தப் பெருநகரத்துக் கதாநாயகி எப்படி வெளியே போனாளோ. நான் மூன்று மணிக்கு கேட் பக்கம் போனபோது செக்யூரிட்டிதான் என் பின்னால் ஓடிவந்தார், அட்டை எங்கே என்று கேட்டுக்கொண்டு. டைம் ஆபீஸ் மிஷினில் என் புது அட்டை மாட்டிக்கொண்டிருந்தது. பஸ் எனக்காக நிற்கவில்லை, அது யாருக்காகவும் நின்றதில்லை. ஜன்னலிலிருந்து தோழி என்னவோ ஜாடை காட்டிக்கொண்டே போனாள்.

வேறு வழியில்லாமல் லைனுக்குத் திரும்பினேன். தற்காலிகமாக வந்திருந்த பக்கத்து லைன் லீடர் அடுத்த ஷிஃப்ட் லீடரிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு முடிந்தது, இது பாக்கி, அந்த மிஷின் ரிப்பேர். அவ்வளவுதான். மீதி நேரம் இரண்டு ஆண்களும் கிரிக்கெட் பேசினார்கள். இதற்குத்தான் என்னால் நிற்கமுடியாதாம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அட்டை கைக்கு வந்ததும் ரோட்டுக்கு நடந்தேன். செங்கல்பட்டுக்கு ஒரு டவுன் பஸ், அங்கிருந்து மாமல்லபுரத்துக்கு இன்னொன்று. வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன். இருட்டுவதற்குள் வீட்டில் இருந்தேன். என்னை யாரும் கடத்தவில்லை. அம்மா டீ போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் மறுபடியும் மேனேஜர் முன்னால் நின்றேன். இந்த முறை டப்பிங் வரவில்லை, எங்கள் ஊர்ப் பேச்சுதான் வந்தது.

"சார், சனிக்கெழம பஸ்ஸ வுட்டுட்டேன். அரமணி நேரம் நின்னு, டவுன் பஸ் புடிச்சி வூட்டுக்குப் போய்ச் சேந்துட்டேன். எனக்கு ஒண்ணும் ஆவல. நீங்க யாருக்கும் பதில் சொல்ல வேண்டிவரல."

அவர் புது அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு காரணம் தேடினார் என்று நினைக்கிறேன், சட்டென்று அகப்படவில்லை. மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். முன்பிருந்த லீடரை யாரும் மூன்று மாதம் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. வீட்டில் சம்மதமா என்றும் கேட்டார். கேட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மஞ்சள் தொப்பி என் கொண்டைமேல் உட்காராமல் முதல்நாள் முழுக்க நழுவிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் அம்மா அதன் பின்பக்கத்தைக் கொஞ்சம் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். தொடரை அத்தோடு விட்டுவிட்டேன். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கவே இரண்டு கையும் போதவில்லை.

சில நாள் கழித்து, ஒப்படைத்துவிட்டு டவுன் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது தோழி அங்கே உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. கம்பெனி பஸ் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. உடம்புக்கு முடியவில்லையா, ஏன் பஸ்ஸை விட்டாய் என்று பதறிக் கேட்டேன்.

அவள் என் தொப்பியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பக்கத்து லைன் லீடரும் போவப்போறாராம்டி. அதான், பஸ்ஸ வுட்டுப் பழகிக்கினு கீறேன்" என்றாள்.