இரண்டாம் முறை குத்திய காது

எனக்குக் காது இரண்டு முறை குத்தினார்கள். முதல் முறை ஒரு வேண்டுதலுக்காக. இரண்டாம் முறை நாமக்கல்லில் ரோட்டோரம் சும்மா கிடந்த ஒரு துண்டு நிலத்துக்காக.

அந்த நிலத்தில் எள் போட்டால்கூட முளைக்காது. கிணறு கிடையாது, மண்ணும் கிடையாது, வெறும் சுக்கான் கல். இதை எவனாவது வாங்குவானா என்று ஊரே அப்பாவைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ரோட்டில் லாரிகள் பெருகிக்கொண்டிருந்தன. மூன்று கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்று அப்பா கணக்குப் போட்டார். "எள்ளு முளைக்காட்டிப் போகுது, வாடகை முளைக்குமல்லோ" என்பார். எங்கள் வம்சத்தில் உழுவதற்கல்லாமல் நிலம் வாங்கப் புறப்பட்ட முதல் ஆள் அவர்தான். கறவை எருமையை விற்று அச்சாரமும் கொடுத்துவிட்டார். ஆடி பிறப்பதற்குள் மீதியைக் கொடுத்துப் பத்திரம் எழுத வேண்டும். தவறினால் நிலமும் போச்சு, அச்சாரமும் போச்சு. எருமை ஏற்கெனவே போயிருந்தது.

மீதிக்கு என்ன வழி? அப்பா ஊர் ஊராக விசேஷங்களுக்குப் போய் மொய் வைத்தவர். அது திரும்பி வரவேண்டுமென்றால் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் நடக்க வேண்டும். கல்யாண வயதில் யாரும் இல்லை. இருந்தது எட்டு வயதில் நான் ஒருவன்தான். வைகாசியில் எனக்குக் காதுகுத்து என்று முடிவாயிற்று.

இதில் ஒரே ஒரு சிக்கல், என் காது ஏற்கெனவே குத்தியது.

கைக்குழந்தையாக நான் காய்ச்சலில் கிடந்தபோது அம்மா வேண்டிக்கொண்டு, ஒரு மலைக்கோயிலுக்குத் தூக்கிப் போய் மொட்டையடித்துக் காதும் குத்திவிட்டாள். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துவது எங்கள் பக்கத்தில் மாமன் முகத்தில் அடிப்பது மாதிரி. அந்தச் சமயத்தில் மாமனும் அப்பாவும் ஒரு மாட்டு வியாபாரத்தில் மனத்தாங்கல் வந்து பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். பிறகு ராசியாகிவிட்டார்கள். காது குத்திய கதையை மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. கடுக்கனைக் கழற்றிய பிறகு துளை தானாகத் தூர்ந்துவிடும் என்று நினைத்தார்கள். அதுவோ முழுசாகத் தூர்ந்து தொலைக்காமல் காதின் முன்னும் பின்னும் ஒரு கரும்புள்ளியாக நின்றுகொண்டது.

மாமனுக்குப் பரமத்திப் பக்கம் சொந்தபந்தம் ஏராளம். அவர் உட்கார்ந்தால் அத்தனை பேரும் மொய் வைப்பார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தால் பாதிப் பந்தல் காலியாகிவிடும்.

"ஏனுங்க, அண்ணங்கிட்டச் சொல்லிப்போடலாமுங்க. நான் வேணா கால்ல உளுகறேன்" என்று அம்மா கெஞ்சினாள்.

"சொல்லி, அவரு எந்திரிச்சுப் போயிட்டா? வாயத் தொறக்காத" என்று அப்பா அடக்கிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தலைமுடி வெட்டவில்லை. காதை மூடுகிற அளவுக்கு முடி வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அம்மா சோறு போடும்போதுகூட என் முகத்தைப் பார்க்க மாட்டாள், காதைத்தான் பார்ப்பாள். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குத்தறப்ப வலிக்காது சாமி. ஆனாலும் நீ அழுவோணும். நல்லாச் சத்தம் போட்டு அழுவோணும்" என்றார். நானும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் அழுது பழகினேன். பாம்பு கடித்துவிட்டதாக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் தடியோடு ஓடி வந்தார்.

அந்த நாளும் வந்தது. பந்தல் நிறைய ஜனம். முதலில் மொட்டை. வளர்த்த முடியெல்லாம் மடியில் கொட்டியதும் என் காதுகள் இரண்டும் ஊருக்கே தெரிகிற மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. அம்மா ஓடி வந்து இரண்டு காதிலும் சந்தனத்தை அப்பினாள்.

மாமன் என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "பயப்படாத சாமி, மாமன் இருக்கறனல்லோ. எறும்பு கடிச்சாப்பல..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஆசாரி ஊசியை வைத்தார். அது சுளுவாக உள்ளே போயிற்று. "அட, வெண்ணெயில எறங்குனாப்பல போகுதுங்களே!" என்றார். எதிரே தாம்பாளத்தோடு நின்ற அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அழ வேண்டும், இப்போதே அழ வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பயத்தில் வாய் மட்டும்தான் திறந்தது. சத்தமே வரவில்லை. "பையன் சிணுங்கக்கூட இல்லையே, என்னாச்சு?" என்று யாரோ ஒரு பெரியம்மா கேட்டாள்.

அப்போதுதான் என் தொடையில் நெருப்பு வைத்த மாதிரி ஒரு கிள்ளு விழுந்தது. நான் அலறிய அலறலில் மேளக்காரர் திரும்பிப் பார்த்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பூவாட்டக் காதுங்க ஆசாரி, வலிக்காதா பின்ன? நீங்க குத்துங்க" என்றார் மாமன். அடுத்த காதுக்கு அதே இடத்தில் இன்னொரு கிள்ளு. பாவி மனுசன்!

மொய் குவிந்தது. மாமன் வீட்டு ஆட்கள் ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

மறுநாள் காலையில் குளிப்பாட்டும்போது என் தொடை கன்றிப்போயிருந்ததை அம்மா பார்த்தாள். "யாரு கண்ணு கிள்ளுனது?" என்றாள். "மாமன்தான், ரெண்டு தடவை" என்றேன். போய் நாலு கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொம்பைக் கீழே போட்டுவிட்டு, ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்பா வந்து பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிடக்கூடச் செய்யாமல் பரமத்திக்கு பஸ் ஏறினார்.

சாயங்காலம் திரும்பியவரிடம் அம்மா, "அண்ணன் என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"அந்தப் பேச்சையே எடுக்க உடலை. 'பத்திரம் என்னைக்குங்க மாப்ள?'ன்னு கேட்டாரு."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிள்ளியவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே! கடைகள் எழும்பிப் பால் காய்ச்சிய அன்று மாமன், "வா சாமி" என்று மடியைத் தட்டிக் கூப்பிட்டார். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே வெற்றிலையை மடித்தார். அவர் இருந்தவரை நான் அந்த மடிக்கு மறுபடி போகவில்லை.

வெகுகாலம் கழித்து, எனக்குப் பின்னால் பிறந்த தங்கையின் மகனுக்குக் காது குத்தினோம். நான் மாமனாகி, அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மடியில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த பிள்ளையின் காதின் பின்பக்கம் மாமன் கண்ணுக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

அம்மா அன்று முன்பக்கம் மட்டும்தான் சந்தனம் அப்பியிருந்தாள்.