பாரி சவுண்டோடு திரும்பிய ட்ரெயிலர்

கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் பக்கம் ஆர்.வி. விற்கும் இடமொன்றில் பதினாறு வருடம் வேலை செய்தேன். ஆர்.வி. என்றால் கட்டில், அடுப்பு, கழிப்பறையோடு ஊர் சுற்றும் வீடு. மோட்டர்ஹோம் தானே ஓடும். ட்ரெயிலரை பிக்கப் வண்டியின் பின்னால் கொழுவி இழுக்க வேண்டும். எது நல்லது என்று கேட்டு வரும் நம்மாட்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ட்ரெயிலர்தான் சொல்வேன்.

"மோட்டர்ஹோம் பழுதானா வீடும் சேர்ந்து கராஜுக்குப் போகும். ட்ரெயிலரை காம்ப் அடிக்கிற இடத்தில கழட்டி விட்டிட்டு பிக்கப்பில எங்கையும் போய்வரலாம்."

இது எனக்கு மனப்பாடம். விலை கூடிய மோட்டர்ஹோமை ஆட்களின் தலையில் கட்டுவதில்லை என்று ஒரு பெருமையும் இருந்தது.

ஒரு ஆனி மாதச் சனிக்கிழமை மல்வேர்னில் இருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அண்ணை பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்து அப்போதுதான் ஓய்வு பெற்றவர். என்னைவிட மூத்தவர்.

"முப்பது வருஷமா லீவெண்டு ஒரு இடமும் போகேல்லை தம்பி. இவவுக்கு ரொக்கி மலை பாக்கோணுமாம். மகன்ர பிக்கப் இருக்கு."

அக்காவின் தலையில் காது மூடிய கம்பளித் தொப்பி. வெளியே வெயில் கொளுத்தியது.

"என்னக்கா, ஆனி மாசத்திலயும் குளிருதோ?" என்று பகிடி விட்டேன்.

"எனக்கு எப்பவும் குளிர்தான்," என்று சிரித்தார்.

அக்கா மோட்டர்ஹோமுக்குள் ஏறி, கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ட்ரெயிலர் எண்டா, ஓடேக்க அந்தரம் அவசரத்துக்கு உள்ள போகலாமோ தம்பி?"

"ஓடேக்க உதுக்குள்ள ஆரும் இருக்கேலாதக்கா. அதுக்கென்ன, வழிநெடுக கோப்பிக்கடை இருக்குத்தானே!"

அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைப் பார்த்துத் தலையாட்டினார். வேண்டாம் என்ற தலையாட்டல் அது. நான் விலையைப் பற்றியது என்று நினைத்தேன். ட்ரெயிலருக்குக் கையெழுத்து வைத்தார்கள்.

புரட்டாதியில் அண்ணை தனியாக அதைத் திருப்பி விற்க வந்தார். உள்ளே ஏறிப் பார்த்தேன். மெத்தையில் நாங்கள் விட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"என்னண்ணை, ஒருநாளும் படுக்கேல்லையோ?"

"பாரி சவுண்டோட திரும்பீட்டம் தம்பி." ரொறன்ரோவில் இருந்து அந்த ஊர் இரண்டரை மணித்தியால ஓட்டம்தான். ரொக்கி மலைக்கு நாலு நாள் ஓடவேண்டும்.

"அவவுக்கு கான்சர். மருந்தால அடிக்கடி கழிப்பறைக்குப் போகோணும். ஒவ்வொருக்காவும் ரோட்டுக்கரையில நிப்பாட்டி, பிக்கப்பால இறக்கி, மழைக்குள்ள பின்னுக்கு நடத்தி, படியேத்தோணும். நாலாந்தரம், 'என்னால ஏலாதப்பா, வீட்டை போவம்' எண்டவ. போன மாசம் போயிட்டா."

மோட்டர்ஹோம் என்றால் இருக்கையில் இருந்து நாலு அடியில் கழிப்பறை.

"ஏனண்ணை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ. சனம் வீட்டை வந்து அழுமாம். கலியாணவீடுகளுக்குச் சிரிச்சுக்கொண்டு போகோணுமாம்."

அவர்கள் சொல்லவில்லைதான். ஆனால் அக்கா கேட்டார். நான் கோப்பிக்கடையைச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே வெறுப்பு வரும்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை யார் வந்தாலும் முதலில் ஒன்றுதான் கேட்டேன். "ஓடேக்க ஆருக்காவது அடிக்கடி எழும்பவேண்டி வருமோ?" சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர்களை மோட்டர்ஹோம் நின்ற பக்கம் கூட்டிப்போனேன்.