நாற்காலி இல்லாத வகுப்பும் என் இடது காலும்

முதலில் அதைப் பேனா மை என்றுதான் நினைத்தேன். இடது கணுக்காலுக்கு மேலே ஊதா நிறத்தில் மெல்லிய கோடுகள். பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியைக்கு உடம்பில் எங்கே மை இருந்தாலும் ஆச்சரியமில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மூன்று நாள் தேய்த்த பிறகுதான் அது தோலுக்கு உள்ளே இருக்கிறது என்று புரிந்தது.

பிறகு கெண்டைக்காலில் கயிறு போல ஒன்று புடைத்தது. பள்ளி விட்டு ஹப்சிகுடாவிலிருந்து குஷாய்குடா வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கால் கனத்துவிடும். நான் செய்த வைத்தியம், புடவையை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டியதுதான். இதைப் படிக்கும் உங்களில் சிலர் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள்.

கண்டுபிடித்தவர் கணவர். தெலுங்கும் உருதும் கலந்து பேசும் இந்த நகரத்திலேயே, ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். உருது கலக்காமல் அவருக்குத் தமிழ் வராது.

"கைக்கு (ஏன்) மறைச்சே? காட்டு. இது காலா, ரோடு மேப்பா?" என்றார். டாக்டரிடம் போகலாம் என்றதும் அவருக்கே உதறல் எடுத்துவிட்டது. "ஆபரேஷன்லாம் நக்கோ (வேண்டாம்). தைலம் தேய்ப்போம்."

எங்கள் மகள் தமிழைப் புரிந்துகொண்டு தெலுங்கில் பதில் சொல்பவள். "ஏமி காதம்மா" (ஒன்றும் ஆகாதம்மா) என்று சொல்லி, அவளே மருத்துவமனையில் நேரம் வாங்கிவிட்டாள்.

ரத்தக்குழாய் மருத்துவர் தெலுங்கில் பேசினார்; தமிழில் தருகிறேன். என்னை நிற்கவைத்து டாப்ளர் ஸ்கேன் (ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஒலியலையால் பார்ப்பது) எடுத்தார். சிரைகளில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில்) சின்னச் சின்னக் கதவுகள் உண்டாம். அவை தளர்ந்தால் ரத்தம் கீழே தேங்கிக் குழாய் புடைத்துச் சுருண்டுவிடும். அதுதான் வெரிகோஸ் வெயின். நான் தேய்த்த கோடுகள் சிலந்திச் சிரைகள் (தோலை ஒட்டி விரிந்த மிக நுண்ணிய குழாய்கள்). அவற்றால் பெரிய ஆபத்தில்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிக்கிறீங்க, மேடம்?"

"ஆறு பீரியட். வகுப்புல நாற்காலி கிடையாது, சார்."

"கிடையாதா? எந்தப் புத்திசாலி எடுத்தது?"

"நிர்வாகம்," என்றேன். கணவர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்தப் புத்திசாலி நான்தான். உட்கார்ந்தால் ஆசிரியர் தூங்கிவிடுவார் என்று நாற்காலியையே எடுத்துவிடும் வழக்கம் இங்கே சில தனியார் பள்ளிகளில் உண்டு. எங்கள் பள்ளிக்கு அதைக் கடிதமாக எழுதிக் கொடுத்தவள், அப்போது ஒருங்கிணைப்பாளராக இருந்த நான். "நின்று நடத்துவதே உயிருள்ள வகுப்பு" என்று ஒரு வரி வேறு. அன்றைக்குக் கால்கள் சொன்னபடி கேட்டன.

மருத்துவர் வழிகளைச் சொன்னார். அழுத்தக் காலுறை, நடை, படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பது. இவை வேதனையைக் குறைக்கும். கெட்ட கதவைச் சரிசெய்யாது. சிலந்திச் சிரைகளுக்கு ஸ்கிளிரோதெரபி (ஊசியில் மருந்து செலுத்தி, குழாயை உள்ளேயே ஒட்டவைப்பது). சில தடவை போக வேண்டும்; வேறிடத்தில் புதிதாக வரவும் கூடும். பெரிய குழாய்க்கு லேசர் (மெல்லிய இழையை உள்ளே நுழைத்துச் சூட்டால் மூடுவது) அல்லது மருத்துவப் பசை. குழாயை உருவி எடுக்கும் பழைய அறுவை சிகிச்சை இப்போது எல்லோருக்கும் தேவைப்படுவதில்லையாம். எனக்குப் பெரிய குழாய்க்கு லேசர், கோடுகளுக்கு ஊசி என்று முடிவானது. உங்களுக்கு எது என்பதை உங்கள் ஸ்கேன்தான் சொல்லும், என் கால் அல்ல.

"மூடிட்டா அந்த ரத்தம் எங்க போகும்?" என்று கணவர் கேட்டார்.

"ஹப்சிகுடால மெட்ரோ வேலைக்கு ரோட்டை மூடினப்ப நீங்க டியூட்டிக்குப் போகலையா சார்? ரத்தத்துக்கும் வேற ரோடு இருக்கு."

அதன் பிறகு அவர் தைலத்தைப் பற்றிப் பேசவில்லை.

லேசர் செய்த அன்று, கால் மரத்துப்போவதற்குப் போட்ட ஊசிகள்தான் வலித்தன. அன்றே நடந்து வீட்டுக்கு வந்தேன். ஏப்ரல் வெயிலில் அந்த இறுக்கமான காலுறையை மாட்டுவதுதான் பெரும்பாடு. ஒரு பக்கம் அவர் இழுக்க, மறுபக்கம் நான் இழுக்க, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இப்படிச் சேர்ந்து சிரித்ததில்லை.

பள்ளிக்குத் திரும்பியதும் முதல்வரிடம் மருத்துவரின் சீட்டைக் காட்டினேன்.

"உங்களுக்கு மட்டும் ஒரு சேர் போட்டுடலாம் மேடம். மெடிக்கல் கேஸ்தானே," என்றார்.

மனம் குளிர்ந்து வெளியே வந்தேன். வராந்தாவில் தெலுங்கு ஆசிரியை சாரதா சுவரில் சாய்ந்து, ஒரு செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். எட்டாம் மாதம் வரை நின்றே பாடம் நடத்தியவர். அவரை மற்ற ஆசிரியர்களுக்கு முன்மாதிரி என்று கூட்டத்தில் பாராட்டியதும் நான்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

திரும்ப உள்ளே போனேன். "எல்லா வகுப்புக்கும் வேணும் சார்."

"லெட்டர் உங்களுது மேடம். மேனேஜ்மென்ட்டுக்கு நான் என்ன சொல்றது?"

"தப்புன்னு நானே எழுதித் தர்றேன்."

எழுதினேன். பல நாள் பதிலே இல்லை. வேலைக்கே உலை வைத்துக்கொண்டேனோ என்று பயந்தேன். லேசருக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, ஸ்டோர் ரூமிலிருந்து பழைய நாற்காலிகள் தூசியோடு ஒவ்வொரு வகுப்புக்கும் வந்து இறங்கின.

சாரதா என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "என் பொண்ணு மூணாம் கிளாஸ் வந்துட்டா மேடம். அவ வயித்துல இருந்தப்பவே இந்த லெட்டரை எழுதியிருக்கக் கூடாதா?"

"மன்னிச்சிடுங்க," என்றேன்.

"சரி, முதல்ல உக்காருங்க," என்று நாற்காலியைத் துடைத்து நகர்த்திப் போட்டார்.

இப்போது என் நாற்பது நிமிடப் பீரியட் நான்கு துண்டுகளாகிவிட்டது. ஒரேயடியாக உட்கார்ந்திருப்பதும் கூடாதாம். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து குதிகாலை உயர்த்தி இறக்குகிறேன். பிள்ளைகள் சத்தமாக எண்ணுகிறார்கள். இருபதில் நிறுத்தினால், "இன்னும் அஞ்சு, மேடம்" என்கிறார்கள். கணுக்காலில் ஊதாக் கோடுகளில் இரண்டு மூன்று இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தேய்ப்பதை விட்டுவிட்டேன்.

நாற்காலி வந்து ஒரு பருவம் முடியப்போகிறது. வகுப்பில் இதுவரை யாரும் தூங்கவில்லை, நான் உட்பட.