வேலியோரத்து ரோடு

டீக்கடை மேசையில் சிந்திய டீயை விரலால் இழுத்து ஒரு தெரு போட்டுவிட்டார் வரைபடக்காரர். குறுக்கே இன்னொன்று. "பாருங்க, அந்தக் காலத்துல இப்படித்தான் போட்டோம். எங்க புகுந்தாலும் எங்கயாச்சும் வெளிய வந்துடலாம்." கடைக்காரர் துணியோடு வந்து மொத்த ஊரையும் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டுப் போனார். வரைபடக்காரர் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.

மனைப்பிரிவுகளுக்கு வரைபடம் போடுவது அவர் தொழில். ஊர் வயல்களுக்குள் கால் நீட்ட ஆரம்பித்த பிறகு தெருக்களின் குணமே மாறிவிட்டது. வயல்கள் ஒவ்வொன்றாக விலைபோக, ஒவ்வொன்றிலும் ஒரு நகர் முளைத்தது. ஒவ்வொரு நகருக்கும் மெயின் ரோட்டில் ஒரே ஒரு வாசல். பக்கத்து நகரோடு பேச்சுவார்த்தையே கிடையாது. தெருவை நடுவிலேயே முடித்துவிட்டால் கடைசியில் ஒரு மனை கூடுதலாகக் கிடைக்கும். அதில் இவர் கில்லாடி. ஆபீசில் பெயரே 'முட்டுச்சந்து'. அப்படிக் கூப்பிட்டால் சந்தோஷமாகவே திரும்பிப் பார்ப்பார். விருந்துக்குப் போன இடத்திலும், அந்தத் தெரு எங்கே போய் முடிகிறது என்று நடந்து பார்த்துவிட்டு வந்துதான் இலையில் உட்காருவார்.

அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டார். தனக்கு ஒரு நகரில் மனை, அக்காவுக்கு அடுத்த நகரில் மனை. வரைபடத்தில் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. "ஒரே வீடு மாதிரிக்கா" என்று அளந்தார். குடிவந்த பிறகுதான் உறைத்தது. நடுவில் ஆள் உயர மதில். ரோடு வழியாகப் போனால் மெயின் ரோடு, பாலம், சிக்னல், மறுபடி ஒரு வாசல். அக்காவுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று கத்திப் பேசிக்கொள்வார்கள். "தம்பி, உன் குரல் மட்டும்தாண்டா பக்கத்துல இருக்கு" என்பார் அக்கா. அது இவரைக் குத்திக்கொண்டே இருந்தது.

இருவருடைய தெருக்களும் போய் முட்டுவது ஒரே வயலின் வேலியில். அந்த வயலை இவருடைய முதலாளியே வாங்கினார். வேலியோரமாக ஒரு ரோடு விட்டால் இரண்டு தெருவும் சேர்ந்துவிடும். அங்கே மனை போட்டுவிட்டால் இனி எந்தக் காலத்திலும் சேராது.

"உங்க அக்கா வர்றதுக்கு என் நிலத்துல ரோடாய்யா?" என்றார் முதலாளி.

"ஆமாங்க. ஒளிக்காம சொல்றேன், அவங்களுக்காகத்தான். ஒரு நடை வந்து பாருங்களேன்."

முதலில் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் டீ கொடுத்தார். பிறகு முதலாளியின் காரிலேயே அக்கா வீட்டுக்கு வழி காட்டினார். பாலத்தில் நெரிசல். சிக்னலில் சிவப்பு. முதலாளிக்குப் பசி காதை அடைத்தது. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து, கொல்லைப்புறத்தில் கை கழுவப் போனவர், மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யோவ், அந்த ஜன்னல்ல இருக்கிறது நான் குடிச்ச டம்ளர்தானே?"

"அதேதாங்க."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிய்யா, போட்டுத் தொலை."

ஜல்லி கொட்ட இன்னும் நாளாகும். வேலியைப் பிரித்துச் சுண்ணாம்புக் கோடு மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். அந்த வெறும் மண்ணில் அக்கா மெல்ல மெல்ல நடந்து வந்தார். பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, நடுவுல வராதக்கா! ஓரமா வா, வண்டி வர்ற ரோடு!"

கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சைக்கிள்கூட இல்லை. "போடா, பெரிய வண்டி!" என்றபடியே அக்கா கோட்டோரமாக ஒதுங்கி நின்றார். இவர் இடமும் வலமும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவருக்குக் கை கொடுக்க ரோட்டைக் கடந்தார்.