சாணி மெழுகிய மீன்கூடை

இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டும்.

அப்போது நான் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். அங்கே வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குள் நின்று தூண்டில் வீசுவார். கையால் இழுக்கிற நூல் பாசியில் சிக்காமல் விழுவதற்கு, இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு கூடை கேட்டார். அவருடைய ஜீப் டிரைவர் என்னைக் கைகாட்டினார். இன்ஜினியர் மனசு வைத்தால் நான் பர்மனென்ட் ஆகலாம். கோபப்பட்டால் இருக்கிற வேலையும் போய்விடும்.

வடலூரில் மூங்கில் கூடை வாங்கினேன். உள்ளே சிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. நூல் மாட்டுமே என்று பயந்து, வீட்டு முறத்துக்குச் செய்வதுபோல் சாணியால் வழவழவென்று மெழுகிக் காயவைத்தேன்.

அந்த ஞாயிறு நானும் டிரைவரும் கரையில் நின்றோம். ஏரியில் ஈர நூல் விழ விழ, சாணி ஊறி அவர் சட்டையில் வழிந்தது. பாசி என்று நினைத்தாரோ என்னவோ, நூலில் முடிச்சுப் போட்டு, அதை வாயில் நனைத்து இறுக்கினார்.

"ஐயோ, வாயில வெக்காதீங்க சார்! சாணி!" என்று கத்தினேன்.

"கெடுத்தியேடா!" என்று தலையில் அடித்துக்கொண்ட டிரைவர், "கௌ சார், கௌ!" என்று தன் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

இன்ஜினியர் குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தார். வாய் கொப்பளித்து நிமிர்ந்தவர், என்னைப் பார்த்தார். கூடையைக் கழுவி, மறுபடியும் இடுப்பில் கட்டிக்கொண்டார்.

வேலை போகவில்லை. வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சாணி மெழுகிய முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, சோறு வாணாமா?"

பிறந்ததிலிருந்து அந்த அரிசியைத்தான் தின்கிறேன். அன்றுதான் தொண்டையில் நின்றது. அவர் துப்பிவிட்டு மீன்பிடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் இன்றுவரை துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.