வியாழக்கிழமை வந்த பல் செட்

செய்தி வந்தபோது என் வாயில் உப்பேரி இருந்தது. என் மைத்துனர் மகளுக்கு மறுநாள் கல்யாணம். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டின் பின்னால் சமையலுக்கு ஆக்குப்புரை போட்டு, சனிக்கிழமை காலையிலேயே ஏத்தன் வாழைக்காயைச் சீவி உப்பேரி வறுக்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் ஈடு எண்ணெயிலிருந்து வந்ததும், அத்தான் கடித்துப் பார்த்துச் சொல்லட்டும் என்று என் கை நிறையக் கொடுத்தார் மைத்துனர். என் பல்லின் பெருமை அந்தக் குடும்பம் முழுக்கத் தெரியும். அப்போதுதான் ஜெனிட்டாவின் போன் வந்தது. ரோஸ்லின் டீச்சரின் மகள். "சாரே, அம்மா போயிட்டாங்க" என்றாள். காலையில் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

டீச்சரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் வரலாறு படித்தவர்கள், கோயிலில் அவர் பைபிள் வாசிக்கக் கேட்டவர்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் எட்டு மாதமாகக் காத்திருந்த பல் செட் அந்த வாரம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

இராஜாக்கமங்கலம் போகும் சாலையில் இருக்கும் நம் பள்ளியில் அவர் வரலாறு, நான் கணக்கு. ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசை. பக்கத்துப் பக்கத்து வகுப்பு வாய்த்துவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான். "உங்களுக்க பிளாசி யுத்தம் எனக்க அல்ஜீப்ராவுக்குள்ள நடக்கு டீச்சரே" என்று ஒருநாள் முறையிட்டேன். "அப்பமாவது அந்தப் பிள்ளேளு முழிச்சிருக்கட்டு" என்றார். பள்ளி மைக் கெட்டுப்போனால் எலக்ட்ரீஷியனைத் தேடுவதற்கு முன் டீச்சரைத்தான் தேடுவார்கள். முணுமுணுக்கிற பிள்ளைகளிடம் அவர் சொல்வதை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். "வாயைத் தொறந்து பேசு மக்கா, பல்லு ஒண்ணும் கொட்டிராது."

சுனாமிக்குப் பிறகு அவர் ஊர்க் கோயிலில் நடந்த பூசைக்கு நாங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து போயிருந்தோம். இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. டீச்சர் எழுந்து போனார். அந்தப் பெயர்களில் அவருடைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள், நாங்கள் பாடம் நடத்திய பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு பெயர்கூட உடையவில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. எப்படி முடிந்தது என்று பிறகு கேட்டேன். "பேரைத் தெளிவா சொல்லணும் சாரே. அது மட்டுந்தான் நம்மளால ஆவும்" என்றார். எனக்கு அன்றிலிருந்து அவர் மேல் இருந்த மரியாதை வேறு மாதிரி ஆகிவிட்டது.

பெரிய வெள்ளி அன்று அவர்கள் கோயிலில் சிலுவைவரை ஏசு பட்ட பாடுகளைப் பைபிளிலிருந்து மூன்று நான்கு பேர் பங்கு போட்டு வாசிப்பார்கள். ஒருவர் ஏசு, ஒருவர் பிலாத்து, இப்படி. நடந்ததைச் சொல்லிக்கொண்டே போகும் நீளமான பகுதி எப்போதும் ரோஸ்லின் டீச்சருக்குத்தான். நான் திருநீறு பூசுகிறவன். ஆனாலும் ஓய்வுபெற்ற பிறகு வருடம் தவறாமல் அன்றைக்கு அங்கே போய்ப் பின்வாசல் பக்கம் நிற்பேன். அந்த வாசிப்பைக் கேட்டால் எனக்கு அந்த வருடம் முழுவதும் போதும்.

சர்க்கரை அவருடைய ஈறுகளைத் தின்றுவிட்டது. கீழ்ப் பல் வரிசை ஒவ்வொன்றாக ஆடி விழுந்து, ஓய்வுபெற்ற சில வருடங்களில் கழற்றி மாட்டுகிற செட் வைக்க வேண்டியதாயிற்று. மேல் செட் என்றால் அண்ணத்தில் ஒட்டி நிற்கும், கீழ் செட் நாக்கு அசையும்போதெல்லாம் தூக்கும். ஒரு பெரிய வெள்ளியன்று, ஏசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலிக்கும் இடத்தில், அது வாசிப்பின் நடுவே எழும்பிவிட்டது. டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மோவாயை விரலால் அழுத்திப் பிடித்தபடியே மீதியை முடித்தார். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பூசை முடிந்ததும் நேராகப் பங்குத்தந்தையிடம் போய், அடுத்த வருடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அங்கேதான் நான் உள்ளே நுழைந்தேன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் என் கடைவாய்ப் பக்கத்துப் பல் ஒன்று போய், அந்த இடத்தில் நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டரிடம் இம்ப்ளாண்ட் வைத்திருந்தேன். தாடை எலும்பில் ஆணி மாதிரி ஒன்றை இறக்கி, அதன் மேல் பல்லை மாட்டுகிற சிகிச்சை. நன்றாகப் பொருந்திவிட்டது. அதன் பிறகு நான் போகிற இடமெல்லாம் அதே பேச்சுதான். கல்யாண வீட்டில் வாயைத் திறந்து காட்டுவேன், பொரித்த கடலையைக் கடித்துக் காட்டுவேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். டீச்சர் வீட்டுக்கும் போய்க் காட்டினேன். வலியே கிடையாது, ஒரு வாரத்தில் முறுக்கு தின்றேன் என்றேன். உண்மையில் அந்த ஒரு வாரமும் நான் இட்லியைக் காப்பியில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தேன், கன்னம் வீங்கிக் கிடந்தது. முறுக்கைத் தொட நாலு மாதமாயிற்று. அதைச் சொன்னால் அவர் பயந்துவிடுவார் என்று நினைத்தேன். எனக்குச் சர்க்கரை கிடையாது, போனது ஒரே பல் என்பதையும் நான் யோசிக்கவில்லை.

அந்த டாக்டர் சின்ன வயதுப் பெண், எதையும் மறைக்கிறவரல்ல. படம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். முதலில் சர்க்கரை கட்டுக்குள் வரவேண்டும். கீழ்த் தாடையின் முன்பக்கம் இரண்டு ஆணி வைத்தால் போதும், செட் அதன் மேல் சட்டைப் பட்டன் மாதிரி அழுந்தி உட்காரும், அசையாது. மரத்துப்போக ஊசி போடுவதால் வைக்கும்போது வலிக்காது, துளையிடுகிற அதிர்வு மட்டும் தலை முழுக்கத் தெரியும். வீட்டுக்குப் போனபின் வலிக்கும், வீங்கும், ஐஸ் வைக்க வேண்டும், சில நாள் கஞ்சிதான். அதன்பின் எலும்பு ஆணியைப் பற்றிக்கொள்ள மூன்றிலிருந்து ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சிலருக்குப் பற்றாமலும் போகலாம், அப்போது எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். எல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டு வெளியே வந்த நாங்கள் இருவரும் அதில் எங்களுக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சாம்பல் புதனுக்கு மறுநாளே வைத்துக்கொள்ளலாம் என்றார் டீச்சர். நாற்பது நாள் நோன்பில் எப்படியும் கஞ்சிதான், பட்டினி பல்லுக்கும் ஆகும் ஆத்துமத்துக்கும் ஆகும் என்று அவர் கணக்கு. நானும் கணக்கு வாத்தியார்தானே, பெரிய வெள்ளிக்குள் பல் வந்துவிடும், அன்றைக்கு நீங்கள்தான் வாசிக்கிறீர்கள் என்று சேர்ந்து கூட்டினேன். ஆறு மாதம் என்பது டாக்டர்கள் ஒரு பத்திரத்துக்குச் சொல்வது என்றும் சொன்னேன். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுத்தவன் சொன்ன கணக்கு அது.

சிகிச்சை அன்று நான்தான் கூட்டிப்போனேன். ஜெனிட்டாவுக்கு பேங்கில் லீவு இல்லை. அரை நாளில் முடிந்தது. வாயில் பஞ்சோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது முகம் ஒரு பக்கம் வீங்கி, கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது. "முறுக்கு எப்பம் கொண்டு வருவீங்க?" என்று கேட்டார். அவர் கேலி செய்கிறார் என்று நானும் சிரித்தேன்.

சர்க்கரைக்காரருக்குப் புண் ஆற நாளாகும். ஆறும்வரை பழைய செட்டை மாட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பெரிய வெள்ளியன்று ரோஸ்லின் டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், சேலைத் தலைப்பு வாயை மறைத்திருந்தது. அவருடைய பகுதியை ஒரு கல்லூரிப் பெண் வாசித்தாள், அவளும் நன்றாகத்தான் வாசித்தாள். அன்று பக்கவாட்டில் நின்ற எனக்கு டீச்சரின் கன்னம் அசைவது தெரிந்தது. தலைப்புக்குள்ளே அவர் கூடவே வாசித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அவர்தான், "அடுத்த வருசம் பாத்துக்கிடலாம் சாரே, பாடுகளு எங்கயும் போவாது" என்று என்னைத் தேற்றினார்.

அதன் பிறகு ஒரு ஆணி பற்றவில்லை. எடுத்துவிட்டுப் பக்கத்தில் வேறொன்று வைத்தார்கள். மறுபடி வீக்கம், மறுபடி ஐஸ், மறுபடி காத்திருப்பு. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர், பொரித்த நெத்திலியைக் கடிக்க முடியாமல் அம்மியில் நசுக்கிக் கஞ்சியில் போட்டுக் குடித்தார். வீட்டுக்கு யாராவது வந்தால் உள்ளே போய்விடுவார். போனில் பேசமாட்டார், அவருடைய செல்போன் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். அத்தனை பேச்சுக்காரரை நான் எட்டு மாதம் ஊமையாக்கி வைத்தேன். இம்ப்ளாண்டைக் குறை சொல்லவில்லை. சொன்னபடி காத்திருப்பவர்களுக்கு அது நல்ல காரியம், எனக்கு இன்றும் உதவுகிறது. என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நான் பாதியாக்கிச் சொன்னதுதான் தப்பு. ஒருநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீங்க இல்லேன்னா நான் போயிருக்கவே மாட்டேன்" என்றார். அதை அவர் நன்றியாகத்தான் சொன்னார், எனக்குத்தான் அது வேறு மாதிரி கேட்டது.

கடைசியில் இரண்டு ஆணியும் பற்றிவிட்டன. அளவெடுத்தார்கள், மெழுகில் பல் வைத்துப் பார்த்தார்கள், டீச்சர் கண்ணாடியில் பார்த்து, "கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். இனி லேபிலிருந்து செட் வரவேண்டும், வந்தால் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வியாழக்கிழமை சாயங்காலம் கிளினிக்கிலிருந்து எனக்குப் போன் வந்தது. அவர் போன் எடுப்பதில்லை என்று என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். நாளைக்கே வரலாம் என்றார்கள். திங்கட்கிழமை கூட்டிவருகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை நான் பெரிய வேலையாக ஒன்றும் இருக்கவில்லை. கல்யாண வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மற்றவர்களை விரட்டிக்கொண்டிருந்தேன். ஜெனிட்டாவுக்குச் சொல்லியிருந்தால் அவள் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போயிருப்பாள். சொல்லவில்லை. நான்தான் கூட்டிப்போக வேண்டும், அந்தச் செட் டக்கென்று உட்கார்ந்து அவர் முதல் வார்த்தை பேசும்போது நான் எதிரே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தச் சந்தோஷம் என்னால் வந்ததாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நல்ல செய்திதானே, கெட்டா போகும் என்று மடியில் கட்டிவைத்துக்கொண்டேன்.

செத்த வீட்டுக்குப் போகும் வழியில் கிளினிக்கில் இறங்கினேன். டாக்டர் செட் இருந்த சின்ன டப்பாவை எடுத்துக் கொடுத்தார், வேண்டுமானால் வந்து மாட்டிவிடுகிறேன் என்றார், கண் கலங்கியிருந்தது. ஐஸ் பெட்டிக்குள் டீச்சர் படுத்திருந்தார், கையில் செபமாலை. வாய் உள்ளே போய், வேறு யாரோ போல இருந்தார். நான் ஜெனிட்டாவைத் தனியே கூப்பிட்டு டப்பாவைக் காட்டினேன். வியாழக்கிழமையே வந்ததையும் சொன்னேன். டாக்டரம்மா வந்து மாட்டிவிடச் சம்மதித்திருக்கிறார், முயன்று பார்க்கலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் சாரே. எட்டு மாசமா ஆளாளுக்கு வாயைத் தொறக்கச் சொன்னாங்க. இனி அம்மைய யாரும் தொறக்கச் சொல்லாண்டாம்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். டப்பாவை வாங்கிக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் அவர் கைமாட்டில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்படியே அடக்கம் செய்தார்கள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

ஏழாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஜெனிட்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொல்லவா வேண்டாமா என்று யோசித்ததாகச் சொன்னாள். "வெள்ளிக்கெழம நான் பேங்க்லேர்ந்து வந்ததும் அம்மா கேட்டாங்க சாரே. பல்லு செட்டைப் பத்தி சாரு வல்லதும் சொன்னாரா எண்ணு. நான் இல்லேன்னு சொன்னேன். செரி, வந்திருந்தா சாரு ஒடனே சொல்லியிருப்பாருன்னு சொல்லிட்டுக் கஞ்சியைக் குடிச்சாங்க."

டீச்சரைப் பற்றி உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒன்று இருக்கும். அந்தக் குரல் இருக்கும், வரலாறு இருக்கும், வாயைத் திறந்து பேசக் கற்றது இருக்கும். என்னிடம் இருப்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் என் மேல் வைத்த அந்த நம்பிக்கைதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வந்திருந்தது, டீச்சரே. நான் சொல்லவில்லை.